சேவ் அண்ட் எக்ஸிட்

ஈசா டவுன் சந்தையில் எட்டு தினார்.
எஃப்-டூ விசைக்குத் தொப்பி இல்லை,
பேட்டரி செத்துவிட்டது,
சிடி போட வாயும் கிடையாது.
ஓடும் என்றான் விற்றவன்.
ஓடியது,
கறுப்புத் திரையில் ஒரு வெள்ளை வரி வரைக்கும்:
இயங்குதளம் காணவில்லை.

செலஸ்டினின் முதுகு
ஒரு சிடியில் இருக்கிறது.
ஆஸ்பத்திரியில் உறைபோட்டுக் கொடுத்தார்கள்.
பதினோரு நாளாய்த் தலையணைக்கு அடியில் அது,
பக்கத்திலேயே
தூங்காமல் அதன் அசல்.

சல்மாபாத்தில் எங்கள் அறையில் எட்டுப் பேர், எட்டு போன்.
ஒன்றுக்கும் வட்டத்தை விழுங்கத் தெரியாது.

ரொடெல் எங்கிருந்தோ
வெளி டிரைவ் ஒன்று கொண்டுவந்தான்.
கவட்டையாய்ப் பிரிந்த வால் அதற்கு;
ஒரு துளையில் வரும் கரண்டு
விளக்கு எரியப் போதும், தட்டு சுழலப் போதாது.
இரண்டிலும் செருகினோம்.

பத்து மணிக்கு லைட் அணைத்தாயிற்று.
கீழ்க்கட்டிலில் மூன்று தலைகள் குனிந்திருக்க,
பல்குத்தும் குச்சியால்
எஃப்-டூவின் ரப்பர் மொட்டைத் தட்டினேன்.
தவறிப்போனது. மறுபடி. மறுபடி.
நாலாம் தடவை நீலம் விரிந்தது.

யாரை முதலில் எழுப்புவது என்று
ஒரு பட்டியல் வைத்திருக்கிறது இயந்திரம்.
முதலில் ஹார்ட் டிஸ்க்,
கடைசியில், வெளியிலிருந்து வந்தவன்.
எங்கள் குளியலறைக் கதவிலும் பட்டியல் உண்டு:
மூன்று ஐம்பது சாதிக்,
நாலு மணி இசக்கிப்பாண்டி,
நாலு பத்து நூருல் அமீன்...
சாதிக் ஊருக்குப் போய் ஆறு மாதம்.
அவனுடைய பத்து நிமிடம்
இன்னும் காலியாகவே போகிறது.
இதுவும் அப்படித்தான்,
ஒவ்வொரு தடவையும்
இல்லாதவன் கதவைத் தட்டி
கொஞ்சம் காத்திருந்து
கையை விரிக்கிறது.

கடைசிப் பெயரைப் படிப்படியாக மேலே ஏற்றினேன்.
எஃப்-டென்.
சேவ் அண்ட் எக்ஸிட்? யெஸ், நோ.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம்.
மேல்கட்டிலிலிருந்து ஒரு செருப்பு வந்து விழுந்தது.
பதினாலு வருஷமாய்ச் செலஸ்டின்
இந்த இரண்டு சொல்லுக்குத்தான் டைல்ஸ் தூக்குகிறான்.
முதலாவது முடியாமல்
இரண்டாவது தள்ளிப்போகிறது.
"யெஸ் கொடு," என்றான்.
"யாராவது ஒருத்தர் கொடுக்கட்டும்."

தட்டு கமறியது, முனகியது, சுழன்றது.
சிக்கல் பிறகுதான் புரிந்தது:
எழுப்பிய தட்டு உள்ளேயே இருந்தாக வேண்டும்.
எடுத்தால், எழுந்தது விழுந்துவிடும்.
இருப்பதோ ஒரே வாய்.
கையில் உறையோடு காத்திருக்கிறான் செலஸ்டின்.

ஹார்ட் டிஸ்கிலேயே குடியேற்றிவிடலாம்.
அங்கே ஏற்கெனவே யாரோ இருந்திருக்கிறார்கள்.
திறந்து பார்த்தேன்:
அறுபத்திரண்டு பேர், ஒரு கோடை,
ஓவர்டைம் கணக்கு.
இருபத்தேழாம் வரியில்
ஆகஸ்ட் பத்தொன்பதிலிருந்து கட்டங்கள் வெறுமை.
லீவு என்றுகூட எழுதவில்லை.
ரொடெல் பேசாமல் பென் டிரைவை நீட்டினான்.
எதற்கு என்று கேட்காமல் நகலெடுத்தேன்.
எல்லாவற்றையும் அழிக்கவா என்றது.
அழித்தேன்.

இரண்டே முக்காலுக்கு
சாம்பல் நிறத்தில் வந்தான் செலஸ்டின்.
அடுக்கிய எலும்புகளில் கீழிருந்து இரண்டாவது
கட்டில் விளிம்பில் படுத்தவன் மாதிரி
கொஞ்சம் வெளியே சரிந்திருந்தது.
"இவ்வளவுதானா?"
குரலில் கோபம் இருந்தது.

திரையின் மூலையில் தேதி:
2005, ஜனவரி ஒன்று.
கடிகாரத்தின் குட்டி பேட்டரியும் போய்விட்டது போல,
பிளக்கைப் பிடுங்கும்போதெல்லாம்
அங்கிருந்துதான் கண்விழிக்கிறது.
அந்தக் கணக்குப்படி
இந்தப் படம் எடுக்க இன்னும் இருபது வருஷம் இருக்கிறது.
செலஸ்டின் விமானம் ஏறவில்லை,
முதல் பெட்டியைத் தோளில் வாங்கவில்லை.

ரொடெல் தேதியைத் திருத்தப் போனான்.
"இருக்கட்டும்," என்றான் செலஸ்டின்.

மூன்று ஐம்பதுக்குத் துண்டை எடுத்துக்கொண்டு
சுவரைப் பிடித்தபடி
சாதிக்கின் பத்து நிமிடத்துக்குள் போனான்.