முன்பாரம்

ஓமராமாவில் பெட்ரோல் போடும்போதே நைரி சொன்னாள்:
அடுப்பு ரொம்பப் பின்னால் இருக்கிறது.
இறக்கச் சுலபம், என்றாள் லோர்னா.
வார்ப்பிரும்பு அடுப்பு. தொண்ணூறு கிலோ.
மூன்று வருடம் பேசாத அக்காளோடு
முதல் நாளே அடுப்புக்காகவா சண்டை?
விட்டுவிட்டாள்.

சங்கிலிகளை ஏர்க்காலுக்கு அடியில் குறுக்காக மாட்டினாள்.
பந்தின்மேல் கொக்கி பூட்டியதா என்று
தூக்கிப் பார்த்தாள். தூக்கச் சுலபமாக இருந்தது,
இருக்கக்கூடாத அளவுக்கு.
வலது விளக்கைப் போட்டால் இடது சிமிட்டியது;
பிளக்கில் ஈரம். சட்டை நுனியால் துடைத்தாள்.

லிண்டிஸ் கணவாய் ஏறும்வரை ஒன்றுமில்லை.
ஏற்றத்தில் பாரம் நல்ல பிள்ளை.
இறக்கத்தில்தான் அதற்குச் சொந்த புத்தி வரும்.

எதிரே ஒரு செம்மறி லாரி
தன் காற்றைக் கார்மேல் எறிந்துவிட்டுப் போனது.
கண்ணாடியில் ட்ரெய்லர் இடப்பக்கம் எட்டிப் பார்த்தது,
பிறகு வலப்பக்கம்,
பிறகு இன்னும் இடப்பக்கம்.
காரை யாரோ இடுப்பைப் பிடித்து உலுக்கினார்கள்.

பிரேக்கை மிதி! லோர்னா கத்தினாள். மிதியேன்!

கால் அங்கேதான் போகப் பார்க்கும்.
யாருடைய காலும்.
நைரி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாள்,
எடுத்த காலை எங்கும் வைக்கவில்லை.
ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தாள். ஒடிக்கவில்லை.
தொண்ணூறு.
எண்பது.
அக்காளின் நகங்கள் அவள் முழங்கையில்.
எழுபது.
அறுபதில் அது
ஆடுவதை மறந்து பின்னால் வந்தது.

ஒதுங்குமிடத்தில் எல்லாவற்றையும் இறக்கினார்கள்.
பொன்னிறப் புல்லுக்கு நடுவே சோபா,
மேசை விளக்கு, பனிச்சறுக்குக் கட்டைகள் மூன்று (நான்காவது அவரிடம்).
சைக்கிளில் வந்த ஒருவன் நின்று
சோபா விலைக்கா என்று கேட்டான்.
இல்லை என்றதும் போய்விடாமல்
அடுப்பின் ஒரு மூலையைப் பிடித்தான்.

அச்சுக்குச் சற்று முன்னால்.
அதற்கும் முன்னால் வேண்டாம், என்றாள் நைரி,
கார் மூக்கைத் தூக்கிக்கொண்டால்
திருப்பினாலும் கேட்காது.

பட்டையை இறுக்கிக்கொண்டே லோர்னா கேட்டாள்:
நான் சொன்னபடி மிதித்திருந்தால்?
பின்னது முன்னால் வந்திருக்கும்.
அடுப்பைப் பற்றி அப்போதே சொல்லியிருக்கலாமே.
சொன்னேன்.
ஒருமுறைதான் சொன்னாய்.

காற்று பதிலை எடுத்துக்கொண்டு போயிற்று,
பதில் இருந்திருந்தால்.

டாரஸில் நிறுத்தி, பட்டைகளை மறுபடி இறுக்கி,
ஆளுக்கொரு சக்கரத்தின் அருகே குனிந்தார்கள்.
காய்ச்சல் பார்ப்பதுபோல்
குடத்தின் மேல் புறங்கை.
இந்தப் பக்கம் ஒன்றுமில்லை, என்றாள் நைரி.
இங்கே கொஞ்சம் இருக்கிறது.
வெதுவெதுப்பா, சூடா?
லோர்னா கையை எடுக்காமல் யோசித்தாள்.

நீயே வந்து பார்.