வாயிலோன்

ஜனவரி. மார் தெல் பிளாத்தாவில் அது கோடை.
இது முதலில் விளங்கட்டும்,
மற்றவையும் தலைகீழாகத்தான் இருக்கும்.

கடற்கரைதான், ஆனாலும் நெய்தல் இல்லை.
கரையில் நின்று இரங்குவோர் எவருமில்லை;
அலை இரைச்சல் தூங்கவிடவில்லையென்று
மாடி அறைக்காரர்கள் மேலாளரிடம் புகார் சொன்னார்கள்.

எவரிஸ்டோ லார்ரால்தே சீமானுக்கு
எத்தனை மாடுகள் என்று அவருக்கே தெரியாது.
ஐரோப்பா போனபோது
காப்பிக்குப் பால் வேண்டுமென்று
ஒரு பசுவைக் கப்பலில் ஏற்றியவர்.
அவர் செய்த ஒரே வேலை பொய் சொல்வது.
அதுவும் அரைகுறை:
மீன் பிடிக்கப் போகிறேன் என்பார்,
தூண்டிலை மறந்துவிட்டுப் போவார்.
திரும்பும்போது கையில் இரண்டு மீன்,
வறுத்து, எலுமிச்சை வைத்தது.

மனைவி லெயொகாடியா
எலுமிச்சைத் துண்டை மட்டும் தனியே எடுத்து வைத்தாள்.
ஒரு சொல் இல்லை.
அடுத்த செவ்வாய் பல்வலி என்றாள்.
பல் வைத்தியர் பால்தஸார்
பல் வைத்தியரே அல்ல,
ஓஃபெலியாவின் கணவர்.
ஓஃபெலியாதான் அந்த மீன்.

நடுவில் ஓடியவன் திபூர்சியோ,
ஹோட்டல் வாசலில் பொன்சரிகைக் கோட்டோடு நிற்பவன்.
நால்வரின் கடிதமும் அவன் தொப்பிக்குள்.
ஒருநாள் மழைக்காற்று தொப்பியைத் தூக்கிவிட்டது.

உதவுகிறேன் பேர்வழி என்று
நால்வரும் படியில் குனிந்து பொறுக்கினார்கள்.
ஆளுக்கொன்று கிடைத்தது,
எவருக்கும் தம்முடையது இல்லை.
பால்தஸார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து
இரண்டாம் முறை படித்துவிட்டுக் கேட்டார்:
"'கண்ணே' என்பதில் இத்தனை பிழையா?"

துப்பாக்கி பண்ணைவீட்டில் இருந்தது,
பண்ணை நானூறு கிலோமீட்டர்.
பசி வேறு.
சூப் ஆறுவதற்குள் ஜோடி மாறிக்கொண்டார்கள்.
ஐஸ்கிரீம் வரை நீண்ட சண்டை
சன்னலோர மேசை எந்த ஜோடிக்கு என்பதில்தான்.

பிப்ரவரி.
ஓஃபெலியாவோடு ஊரறியக் கைகோத்து நடந்தார் எவரிஸ்டோ.
பொய்க்கு வேலையில்லை. ஆள் இளைத்துப்போனார்.
"மீன் பிடிக்கவாவது போங்களேன்" என்றாள் அவள்.
நிஜமாகவே போனார்.
நிஜமாகவே ஒன்றும் கிடைக்கவில்லை.

அன்றிரவு வாசலில் வந்து கிசுகிசுத்தார்:
"மூன்றாம் மாடிக்கு ஒரு கடிதம்.
ஓஃபெலியாவுக்குத் தெரியக் கூடாது."
உறையின் மேல்: லெயொகாடியா லார்ரால்தே.
திபூர்சியோ இரட்டைக் கூலி கேட்டான்.
"என் மனைவிக்கு நான் எழுத இரட்டையா?"
"சீமானே, இதில் அபாயம் அதிகம்."

முதல் மூன்றும் பிரிக்கப்படாமல் திரும்பின.
வாயில் மறுத்தலில்
அவளுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.
நான்காவது, கார்னிவல் இரவில்,
பிரிக்கப்பட்டுத் திரும்பியது,
பிழைகளெல்லாம் சிவப்பு மையில் திருத்தப்பட்டு.
ஈரம் காயாத அந்தக் காகிதத்தை
விளக்கடியில் நின்று முத்தமிட்டார் எவரிஸ்டோ.

பிறகு காலணியைக் கழற்றிக் கையில் பிடித்து
மாடிப்படி ஏறினார்,
ஐம்பத்திரண்டு வயதில்,
சொந்த மனைவியின் அறைக்குத் திருடனைப் போல,
கோட்டுப் பையில் ஒரு எலுமிச்சை.
கதவடியில் வெளிச்சம் அணைந்தது.
எரிந்தது.
அணைந்தது.

அதற்குள் கீழே மணி அடித்துவிட்டார்கள்.
யாரோ ஒரு செனட்டரின் நாய்க்குக்
குடை பிடிக்க வேண்டியிருந்தது.

"அப்புறம்? திறந்தாளா?" என்றாள் எதெல்மிரா,
திபூர்சியோவின் மனைவி,
கரிப்பெட்டியின் சாம்பலை ஊதிவிட்டு.
ஹோட்டல் விரிப்புகள், விடிவதற்குள் அறுபது.
"தெரியாது. பார்க்க முடியலை."
அவள் முன்னூற்றேழாம் அறையின் விரிப்பை உதறினாள்.
தலைமாட்டில் ஒரு கறை,
இரண்டு முறை வெளுத்தும் போகாத சிவப்பு,
ஓர் உதட்டளவு.

கொஞ்ச நேரம் பார்த்தாள்.
"இந்தா" என்றாள்,
"அந்த முனையைப் பிடி. மடிக்கணும்."