புகை என்ன நிறம்

முதுநகர் துறைமுகம். மணி மூன்றே முக்கால்.
சாவியைத் திருப்பினால்
குர்ர் குர்ர் என்று நன்றாகவே சுற்றுகிறது குட்டியானை.
பிடிக்கத்தான் மாட்டேன் என்கிறது.
பின்னால் பதினோரு பெட்டி சங்கரா,
பண்ருட்டி மார்க்கெட்டுக்கு.
ஐஸ் உருகிச் சொட்டத் தொடங்கிவிட்டது.

போனை எடுத்ததும் ஜக்கரியா கேட்டது ஒன்றுதான்:
“புகை என்ன நிறம்?”
வேதவல்லி அக்கா சைலன்சரிடம் குனிந்து
டார்ச் அடித்தாள்.
“புகையே இல்ல தம்பி.”
“அப்ப பேட்டரிய திட்டாத. எண்ணெய் போய்ச் சேரல.
பில்டர் மேல ஒரு ஸ்குரூ இருக்கும்,
பத்தாம் நம்பர். அரைச் சுத்து.”

தளர்த்திவிட்டுக் கைப்பம்பை அமுக்கினேன்.
நுரை.
இன்னும் நுரை, துணி அலசிய தண்ணீர் மாதிரி.
டீசல் வரவேண்டிய குழாயில்
டிக்கெட் எடுக்காமல் ஏறி
உட்கார்ந்திருக்கிறது காற்று.

“போன வாரம் பில்டர் மாத்துனது யாரு?”
நான் பதில் சொல்லவில்லை.
இருநூறு ரூபாய் மிச்சம் என்று
பழைய வாஷரையே போட்டு இறுக்கிய கைதான்
இப்போது அமுக்கிக்கொண்டிருக்கிறது.
அக்கா என்னைப் பார்த்தாள்.
பெட்டிகளைப் பார்த்தாள்.

எத்தனையாவது அமுக்கலோ,
நுரை அடங்கி, கம்பிபோல் வழிந்தது டீசல்.
ஸ்குரூவை இறுக்கினேன். சாவி.
ஒன்றுமில்லை.
மறுபடி. ஒரு தும்மல்.
மறுபடி.

“கறுப்பு! கறுப்பு!” என்று கத்தினாள் அக்கா,
யாரும் கேட்காமலே.
போனுக்குள் கொட்டாவி விட்டான் ஜக்கரியா.
“வாஷர் பன்னண்டு ரூபா. பண்ருட்டிலயே வாங்கிடு.
அதுவரைக்கும் எங்கயும் ஆஃப் பண்ணாத.”

நெல்லிக்குப்பம் கேட் அடைத்திருந்தது.
ஆஃப் பண்ணவில்லை.
பக்கத்தில் அக்கா
என் வாடகையில் எதைக் கழிப்பதென்று
விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.