வளரும் இடம்

பதினோரு குளியலறைகள்
இந்த மாதம் வழுக்கியிருக்கின்றன கோத்தகிரியில்.
எல்லாம் சனி ஞாயிறு,
மாலை நாலரைக்கும் ஆறுக்கும் நடுவில்.
"வழுக்கிட்டேன்க்கா."
காரணம் என்ற கட்டத்தில் நானும் அதையே எழுதுகிறேன்,
முழங்கைத் தோலில் பதிந்த சிமெண்ட்டைப்
பார்க்காதது போல.

நான் படம் எடுப்பவள்.
கையை இப்படி வை. மூச்சு விடலாம். அசையாதே.
பதினாலு வயதுக் கையில்
எலும்பு நுனிக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புக் கோடு இருக்கும்.
புதிதாக வந்த நர்ஸ் அதைத்தான் முறிவென்று பதறினாள்.
இல்லை, அது வளரும் இடம்.
இன்னும் சாத்தாத கதவு.
முறிவு அதற்கு மேலே, தலைமுடி விழுந்தது போல.
சில நேரம் அந்தக் கதவு வழியாகவே போயிருக்கும்.
அன்றைக்கு டாக்டர்
படத்தை இரண்டு முறை வெளிச்சத்தில் பிடிப்பார்.

ஒரு ஞாயிறு மினிபஸ்ஸை விட்டுவிட்டு நடந்தேன்.
வளைவில் காட்டுமாடு ஒன்று
ரோட்டைத் தன் பெயரில் பட்டா போட்டதுபோல் நின்றது.
அது நகரும்வரை நிற்கையில்தான் கேட்டது,
ஓடாத டீ ஃபேக்டரிக்குள்ளிருந்து
தகரத்தைக் கருங்கல்லில் இழுக்கும் சத்தம்,
பிறகு ஒரு நொடி சத்தமே இல்லாமை,
பிறகு தொப்.

இலை நொதிக்கவென்று மெழுகிய தரை,
கன்னம் போல வழவழப்பு.
போன மழைக்கு இங்கே ஒரே ஒரு பலகை,
பெங்களூரிலிருந்து வந்த போஜனின் மாமன் மகன் விட்டுப்போனது.
இப்போது எண்ணினேன், பத்தொன்பது.
அதில் இரண்டு
கேரட் பெட்டிப் பலகையில் சூட்கேஸ் சக்கரம் பூட்டியவை.
ஏறுவதைவிட
விழுவதைத்தான் அதிகம் செய்கிறார்கள்.
எழுந்து, உள்ளங்கையைப் பேன்ட்டில் துடைத்து,
முதலில் பார்ப்பது பலகைக்கு ஒன்றுமில்லையே என்று.

கண்ணாடி போன ஜன்னல்களில்
என் படங்கள்.
வெயில் இறங்க இறங்க
மணிக்கட்டுகள் ஒவ்வொன்றாய் வெளிச்சம் பெற்றன.
மூலையில் நான் வைக்கும் ஈய எழுத்து,
ஒரு கால் தேய்ந்த 'ஆர்'.
அதன் கீழே மார்க்கரில் பெயர், தேதி,
செய்யப்போய்ச் செய்யாமல்போன வித்தை.
யாரும் குளியலறை என்று எழுதவில்லை.

ஒரு ஜன்னலில் மட்டும் அட்டை அடித்திருந்தது.
அது ஆல்வினுடையது.
அவன் படம் இங்கே எடுத்ததல்ல.
ஆம்புலன்ஸ் அவனோடு குஞ்சப்பனை இறங்கிய இரவு
நான்தான் டியூட்டி;
தலை என்றார்கள், கோவை என்றார்கள்,
என் மெஷினுக்கு அதில் வேலையில்லை.
இருபத்திரண்டு நாள் கழித்துத் திரும்பியவன்
இப்போது சுவரோரம் உட்கார்ந்து
மற்றவர்களின் சுற்றுகளை எண்ணுகிறான்.
ஏழுக்குப் பிறகு எட்டு வர நேரமாகிறது.
அதுவரை எல்லாரும்
ஒரு காலைத் தரையில் ஊன்றிக் காத்திருக்கிறார்கள்.
அவசரப்படுத்தவில்லை ஒருவரும்.

அவனுக்குப் பிறகு வந்தவை அந்த ஒன்பது ஹெல்மெட்கள்,
எல்லாம் அப்பாக்களின் பைக் ஹெல்மெட்.
ஒன்றில் இன்னும் பால் சொசைட்டி ஸ்டிக்கர்.
ஒன்பது பேர் ஓட பத்துப் பேர் நிற்கிறார்கள்.
மணிக்கட்டுக்கு எதுவும் இல்லை.
சொல்ல வாய் வந்தது.
ஆனால் எனக்குத் தெரிந்ததெல்லாம்
விழுந்த பிறகு உள்ளதுதானே.
பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு
இருட்டுக்கு முன் வீடு சேர்ந்தேன்.

திங்கட்கிழமை தர்ஷிகா வந்தாள்,
எஸ்டேட் லைன் வீட்டுப் பெண், இடது கையை வலதால் ஏந்தியபடி.
"குளியலறையா?" என்றேன்.
என்னை நேராகப் பார்த்தாள்.
"ஆறு படிக்கா. அஞ்சு தாண்டிட்டேன்."

ஸ்கேட்போர்டு என்று எழுதினேன்.
காரணத்துக்கு அரசாங்கம் கொடுத்த கட்டம் சின்னது.
கடைசி இரண்டு எழுத்து
பக்கத்தில், வயது போடும் இடத்தில் போய் விழுந்தது.

படத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.
வெளியே நல்ல மழை.
நனையாமல் அதை ஸ்வெட்டருக்குள் செருகினாள்.
மாவுக்கட்டுக் கை
வெளியே நனைந்துகொண்டு போனது.