மேலிருந்து

ரிச்சி தெருவில் முந்நூற்றைம்பது ரூபாய்.
கையடக்கப் பெட்டி, பச்சை பிளாஸ்டிக்,
உள்ளே நானூறு கேம் இருக்கு சார் என்றான்.
நூற்றுப் பதினேழாவதாக இருந்தது அது.
பெயரில் இரண்டு எழுத்து தப்பு.
இசை தொடங்கியதும்
எனக்கு முன்னால் கட்டைவிரலுக்குத் தெரிந்துவிட்டது.

பூங்கா நிலையத்தில் தாம்பரம் வண்டி, ஜன்னலோரம்.
சேத்துப்பட்டில் ஓர் உயிர் போனது.
மாம்பலத்தில் கூட்டம் ஏறி, யாரோ முழங்கை இடித்து, இன்னொன்று.
கிண்டி வருமுன் மூன்றும் காலி.
நாற்பத்திரண்டு வயசு விரல்.

மேலிருந்து பார்க்கிற சண்டை.
சிப்பாய்க்கு முகம் கிடையாது:
ஒரு தொப்பி, இரண்டு தோள், முன்னால் நீட்டிய துப்பாக்கி.
எதிரிக்கும் அதே தொப்பி, நிறம் மட்டும் வேறு.
திரை மேல்நோக்கி மட்டும் நகரும்.
கடந்து வந்த பாலம், எடுக்காமல் விட்ட குண்டுப்பெட்டி
கீழ்விளிம்பில் விழுந்து இல்லாமல் போகும்.
திரும்பி நடந்தால் கண்ணுக்குத் தெரியாத சுவரில் முட்டி
நின்ற இடத்திலேயே காலை ஆட்டிக்கொண்டிருப்பான்.

அயனாவரத்தில் நிஸார் அண்ணன் கடையில்
அரை மணிக்கு நாலு ரூபாய்.
சுவர்க் கடிகாரம் ஐந்து நிமிடம் வேகம்,
கேட்டால், பேட்டரி புதுசுடா என்பார்.
சிவப்புச் சிப்பாய் எபினேசர், நீலம் நான்.
எபிக்கு அவசரம்.
குடிசை, மரம், ஜீப், கைகட்டி மண்டியிட்டிருக்கிற கைதி,
எல்லாவற்றையும் ஒரே விசிறலில் சுட்டுக்கொண்டு போவான்.
கைதிக்கு ஐநூறு புள்ளி கழியும்.
டாங்கிக்கு இரண்டாயிரம் வருதுல்ல, விடுடா.

இன்றைக்குத்தான் பார்த்தேன்,
பரங்கிமலையில் சிக்னலுக்காக வண்டி நின்றபோது:
அந்தக் கைதிக்கு முகம் இருக்கிறது.
இரண்டு கரும்புள்ளி கண், ஒரு கோடு வாய்.
அத்தனை பேரில் அவன் ஒருத்தன்தான்
அண்ணாந்து பார்க்கிறான்.

முடிச்சூரில் அந்த டிசம்பர்.
முதல் மாடி வரைக்கும் அடையாறு.
மொட்டைமாடியில் பதினோரு பேர், ஒரு நாய்.
ஹவுஸ் ஓனர் சந்தானலட்சுமி
மஞ்சள் ரெயின்கோட்டை விரித்து ஆட்டினார்.
ஹெலிகாப்டரின் நிழல் முதலில் வந்தது,
தண்ணீர்மேல், அடுத்த வீட்டு டேங்க்மேல், எங்கள்மேல்.
நாங்கள் எல்லோரும் ஒரே மாதிரி அண்ணாந்தோம்.
வாயில் மழை விழுந்தது.
கதவோரம் ஒருவன் காலைத் தொங்கவிட்டிருந்தான்.
அவனுக்கு எத்தனை புள்ளியாகத் தெரிந்தோமோ.
பொட்டலம் இரண்டு தண்ணீரில், ஒன்று மாடியில்:
உடைந்த பிஸ்கட், பால்பவுடர்.
நாய்தான் முதலில் போய் மோந்தது.

எபிக்கு போன் போட்டேன்.
ஆவடியில் டாங்கி தொழிற்சாலையில் ஸ்டோர்ஸில் இருக்கிறான்,
இருபது வருஷமாக நட்டு எண்ணுகிறான்.
நிஜ டாங்கிக்குள் உட்கார்ந்திருக்கிறாயா என்று கேட்டால்
பெயிண்ட் வாசனை, தலைவலி என்பான்.
நாலாவது ஸ்டேஜா? வலது ஓரமா ஒட்டி நில்லு,
அதோட குண்டு அங்க வராது.
இதை மட்டும் மறக்கவில்லை.

அந்தக் கைதியை என்னடா பண்ணணும்?
தொட்டா போதும், கட்டு அவுந்துரும்.
உனக்கு முன்னாடியே தெரியுமா?
தெரியும். நிக்கணும்டா அதுக்கு, ரெண்டு செகண்ட்.
அங்க நிஸார் அண்ணன் கடிகாரம் ஓடிட்டிருக்கும்.

குரோம்பேட்டை தாண்டி மறுபடி ஆரம்பித்தேன்.
பேட்டரி விளக்கு சிவந்துவிட்டது.
எதிர் இருக்கைக் குழந்தை
என் திரையைத் தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருந்தது.
பாலம், சதுப்பு, மூன்று பேர் பதுங்கிய மணல்மூட்டை.
அவன் அருகே போய்ச் சுடாமல் நின்றேன்.
இடது பக்கத்திலிருந்து ஒரு குண்டு கிளம்பி
மெதுவாக, அந்தக் காலத்துக் குண்டு, வந்துகொண்டிருந்தது.
கட்டு அவிழ்ந்தது.
எழுந்தான்,
நன்றி எல்லாம் இல்லை,
கீழ்நோக்கி ஓடினான்,
திரை ஒருபோதும் திரும்பாத பக்கம்.