ஒன்பது நிமிடம்

சங்கம் தந்த அட்டையில்
டெல்மா க்வின்லன், வரிக் கணக்கர், நெப்ராஸ்கா.
வாஷிங்டன் பளிங்கில் புது ஷூ கடிக்கிறது.

செனட்டர் வரவில்லை.
வந்தவனுக்கு இருபத்து மூன்று இருக்கும்,
டைக்குத்தான் வயது அதிகம்.
நடையில் நின்றபடியே
பேருந்தில் உருப்போட்டதை ஒப்பித்தாள்:
‘நான்காம் பிரிவில் ஒரே ஒரு “அல்லது”.
அதை “மற்றும்” ஆக்கினால்
எங்கள் ஆட்கள் பிழைத்துக்கொள்வார்கள்.’
தலையாட்டினான். குறித்துக்கொள்ளவில்லை.

லிஃப்ட் வரை கூடவே வந்தான்.
‘அப்பா போன மாசம் தவறிட்டார்.
மூணு வருஷமா கணக்கே காட்டல.
ஒரு பெட்டி நிறைய ரசீது...’

லிஃப்ட் வந்தது. போனது.

கோரிக்கைத் தாளைத் திருப்பிச் சுவரில் வைத்து
எழுதினாள்:
முதலில் எந்தப் படிவம்,
யாரைக் கூப்பிடணும்,
எதில் கையெழுத்தே போடக் கூடாது.

பத்திரமாக மடித்தான்,
அவள் எழுத்து வெளியே தெரிய,
‘அல்லது’ உள்ளே.