ஒற்றை வரி, இரட்டை வரி

மூன்று மணி நேரக் கேசட்டுக்கு
மூன்று மணி நேரம் உட்காரத்தான் வேண்டும்.
பூஞ்சை பிடித்த டேப், வேகமாக ஓட்டினால் சுற்றிக்கொள்ளும்.
குணசுந்தரியிடம் இதை இரண்டு தரம் சொன்னேன்.
"எனக்கு சீர் வரிசை மட்டும் போதும் சார்.
பத்து நிமிசமோ என்னமோ.
வக்கீல் பென் டிரைவ்ல கேக்கறாரு."

மணிக்கூண்டுக்குப் பின்னால், மாடியில் ஒற்றை அறை.
கீழே ஹார்பர் போகும் கண்டெய்னர் லாரிகள்
காலையிலிருந்து நின்ற இடத்திலேயே உறுமுகின்றன.
மேஜை அதிரும். அதனால் மஞ்சள் ஒயரை
செல்லோடேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன்.
சிவப்பில் சத்தம் வராது, வெள்ளையில் மட்டும்தான்.
ஹெட்டை ஸ்பிரிட்டில் துடைத்து பிளேயை அழுத்தினால்
முதலில் புள்ளி புள்ளியாய் இரைச்சல்,
அப்புறம் பிள்ளையார்,
அப்புறம் காலடிப்பேட்டை மண்டப வாசலில்
தெர்மோகோலில் வெட்டிய இரண்டு பெயர்கள்.
இரண்டாவதை அவர் பார்க்கவில்லை,
கைப்பையில் எதையோ தேடினார்.

டிஸ்கில் மிச்சம் ஒன்பது ஜிபி.
இது மணிக்குப் பதின்மூன்று தின்னும்.
கொஞ்சம் பிடித்து, சுருக்கி, மூலத்தை அழித்து,
மறுபடி பிடித்து,
ஒரே குடத்தை வைத்துக்கொண்டு
லாரித் தண்ணீருக்கு ஓடுகிற மாதிரி.

சத்தம் வேறு பின்தங்குகிறது.
மூன்றாவது முடிச்சும் விழுந்து
அட்சதை பறந்த பிறகுதான் கெட்டிமேளம்.
எழுநூறு மில்லி செகண்ட் முன்னால் இழுத்தேன்.
"அது கெடக்கட்டும் சார்.
கோர்ட்டுல மேளமா கேக்கப் போறாங்க?"

சீர் வந்தது.
பித்தளை அண்டா, குத்துவிளக்கு, கிரைண்டர்,
எவர்சில்வர் ஒரு பெஞ்சு முழுக்க,
அத்தனையும் துல்லியம்.
நகைத் தட்டின் துணியை யாரோ விலக்கினார்கள்.
அந்த நொடி பார்த்து
திரையின் நடுவில் ஒரு ரோஜா மொட்டு,
விரிந்து, விரிந்து,
இதழுக்குள் மாப்பிள்ளை சிரித்தார்.
பூ உதிர்ந்தபோது தட்டு இல்லை.

"இந்தப் பூவ எடுக்க முடியாதா?"
முடியாது. மிக்ஸிங்கிலேயே படத்தோடு வெந்துவிட்டது.
அவர் ஒன்றும் பேசவில்லை.
நான் டீ சொல்லிவிட்டு
ரெக்கார்டிங்கை நிறுத்தாமல் விட்டேன்.

பந்தியில்தான் கிடைத்தது.
இலை முன்னால் அவர், இடது கையைத் தூக்குகிறார்.
நிறுத்திப் பார்த்தால் வளையல்கள்
சீப்புப் பல்லாகப் பிளந்து கிடந்தன.
டேப்பில் ஒவ்வொரு படமும் இரண்டு பாதி:
ஒற்றை வரிகள் ஒரு கணம்,
இரட்டை வரிகள் அதற்கடுத்த கணம்.
சும்மா இருக்கிறவரை பொருந்திக்கொள்ளும்,
அசைந்தால் தெரிந்துவிடும்.
ஒற்றை வரிகளை எடுத்து எறிந்தேன்.
பாதிப் படம்தான். ஆனாலும் கை நின்றது.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
திரைமேல் விரல் வைத்து எண்ணினார்.
"ஆறு. சோத்துக் கையிலயும் ஆறு, தெரியுதா?
ரெண்டு ரெண்டா எங்கப்பா சீட்டு கட்டி எடுத்தது.
எழுதிக்குங்க."
நான் எழுதுகிறவன் இல்லையம்மா,
மாற்றிக் கொடுக்கிறவன் என்றேன்.

முப்பத்தெட்டு எம்பி. பென் டிரைவில் ஏற்றினேன்.
"மீதி கல்யாணம்?"
"எடம் இருந்தா இருக்கட்டும்.
இல்லன்னா உங்க இஷ்டம்."
நாளைக்கு கொருக்குப்பேட்டையிலிருந்து
ஒரு காதுகுத்து கேசட் வருகிறது என்பதைச் சொல்லவில்லை.

காசு கொடுத்து, படியில் பாதி இறங்கியவரிடம்
சும்மா கேட்டுவைத்தேன்:
யாருக்கு அப்படிக் கை காட்டினீர்கள்?
"கை எங்க காட்டுனேன்?
லைட் புடிச்சிருந்த பையன்கிட்ட சொன்னேன்,
கண்ணு கூசுது, அந்தாண்ட திருப்புடான்னு."

மேலே வந்து மறுபடி ஓட்டினேன்.
திருப்பித்தான் இருக்கிறான்.
அதற்கப்புறம் பதினான்கு செகண்ட் இருட்டு,
புள்ளிகள் மொய்க்கின்றன,
நடுவில் ஒரு கை
இலைக்கும் வாய்க்குமாகப் போய் வருகிறது,
நிதானமாக, ரசத்துக்கு வந்துவிட்ட மாதிரி.